பிசுக்கு

மூச்சுக்காரி தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் படகில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். நூறைத் தாண்டிய பிறகுதான் அவள் தலை மேலே வரும். ஒருமுறை நூற்று நாற்பதைத் தொட்டுவிட்டது. எண்ணிக்கொண்டிருந்த கொழுந்தனுக்குத்தான் மூச்சு முட்டியது. கண்ணில் ரப்பர் வைத்த கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, கையில் முனை மழுங்கிய கத்தி. இவ்வளவுதான் அவள் தளவாடம். இருபத்தாறு வருடமாகப் பாறையிலிருந்து சிப்பி பெயர்த்ததில் இடது காது போய்விட்டது. அவள் வீட்டுக்குள் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும்.

புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பத்து மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பெட்டியோடு வருவான். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் விடுமுறை முடிந்துவிடும். படகோட்டுவது அவன் தம்பி. அவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. வருடாவருடம் மழை விட்டதும் மலேரியா வந்து அவனைக் கிடத்தும்போது மட்டும் ஓயும். ரேடியோ சத்தத்தைக் காணோம் என்றால் அடுத்த வீட்டுக்காரி கொசுவலையை எடுத்து உதறுவாள். போன வருடம் அவனுக்கு மாத்திரை கேட்கவில்லை. ஒன்று விடாமல் விழுங்கி முடித்த மூன்றாம் வாரம் காய்ச்சல் திரும்பி வந்தது. மருந்தை மாற்றிய பிறகுதான் எழுந்து நடந்தான்.

மூச்சுக்காரியின் ஒரே மகள் ஆராய்ச்சி மாணவி. அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். தெருக்காரர்கள் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டு, காலில் குத்திய முள்ளைக் காட்டுவார்கள். இது அந்த டாக்டர் இல்லை என்று நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, இப்போதெல்லாம் முள்ளை எடுத்துவிட்டுப் போகிறாள்.

அவள் செய்வது வேறு. கடலுக்கு அடியில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கடற்பஞ்சை, பாசியை எல்லாம் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுக்க வேண்டும். மனித ரத்தத்தில் மலேரியாக் கிருமியை வளர்த்து, அதில் அந்தச் சாற்றை ஒரு சொட்டு விட்டு, கிருமி சாகிறதா என்று பார்க்க வேண்டும். ஏன் கடலில் போய்த் தேடுகிறாய் என்று அம்மா ஒருநாள் கேட்டபோது மகள் சொன்ன விளக்கம் இது: ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது, ஒளிந்துகொள்ள மேலே ஓடும் கிடையாது, அப்படிப்பட்ட பிராணி பிழைத்திருக்கிறது என்றால் உடம்பில் ஏதோ விஷம் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

"நம்ம தெருவுல பாதிப் பேரு அப்படித்தான்" என்றாள் மூச்சுக்காரி.

இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள். இருநூற்றுப் பதினொன்றும் ஒன்றுக்கும் ஆகவில்லை. எண்பத்தேழாம் குழாய் மட்டும் கொன்றது. மூழ்கிய பாறையில் வளரும் செங்கல் நிறப் பஞ்சு அது. சாறு விடாத ரத்தத்தில் ஆயிரம் அணுக்களுக்கு அறுபது கிருமி, கல் வைத்த மோதிரம் மாதிரி ஊதா நிறத்தில் உட்கார்ந்திருக்கும். எண்பத்தேழாம் குழாயின் சாறு விட்டதில் தேடித் தேடி நான்கு. மகள் நுண்ணோக்கியை விட்டு எழுந்து, திரும்ப உட்கார்ந்து, இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு நடைக்கூடம் முழுக்க ஓடினாள்.

பேராசிரியர் ஓடுகிறவர் இல்லை. மறுபடி செய்து காட்டு என்றார். அதே பாறையிலிருந்து அதே பஞ்சு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவையும் வந்தது. கிருமிகள் சாப்பிட்டுத் தூங்கிப் பெருகின.

செவ்வாய்க்கிழமை காலை அவளை அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. அவளுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அன்றைக்குத்தான் முடிவாகும். சுற்றி வளைத்து ஆரம்பித்தார். குழாய்கள் மாறிப்போவது சகஜம் என்றார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் தெரிந்த மருந்து பக்கத்துத் தட்டிலேயே இருக்கிறது, கை தவறி அது கலந்திருக்கலாம் என்றார். கடைசியில்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"எடுத்துக் குடுக்கறது உங்கம்மா. சோதிக்கறது நீ. வெளியில இருக்கறவன் என்னம்மா நினைப்பான்?"

இவருடைய நண்பரின் மகன் இதே சோதனைச் சாலையில் அப்பாவின் மருந்துக் கம்பெனி தந்த சாம்பிளை வைத்து இரண்டு கட்டுரை எழுதினான். அப்போது வெளியில் இருக்கிறவன் எதையும் நினைக்கவில்லை. மகளுக்கு இது நாக்கு நுனி வரை வந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். வீடு வந்து சேர்ந்தபோது மூச்சுக்காரி கொல்லையில் குந்தி உட்கார்ந்து சிப்பி வழித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி மழுங்கிய கத்தியால் சுரண்டி, பாசி போகத் தேய்த்து, பக்கத்து வாளியில் போடுகிற வேலை. பிசுக்கு இருந்தால் வியாபாரி அதை இரண்டாம் தரத்தில் தள்ளிவிடுவான். உள்ளே கட்டிலில் ரேடியோ மூன்று போர்வைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தான். இந்த வருடக் காய்ச்சல் வந்துவிட்டிருந்தது. மாத்திரை ஆரம்பித்து இரண்டாவது நாள்.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். முதல் தடவை வந்தது பொய் என்கிறார்கள், அடுத்த இரண்டு தடவை வந்த சரக்கில் ஒன்றும் இல்லை, திங்கட்கிழமையோடு என் கதை முடிந்தது என்றாள். மூச்சுக்காரிக்கு மகளின் கதை முடிவதைவிட வேறொன்று சுருக்கென்று தைத்தது.

"என் கை பட்ட சரக்குல ஒண்ணும் இல்லைன்னா சொல்றாரு? நீ கேட்டேன்னு பார்த்துப் பார்த்து வழிச்சு, நல்ல தண்ணியில ரெண்டு வாட்டி அலசி, துணியால ஒத்தி அனுப்புனேன். அவ்வளவு சுத்தமா நான் சிப்பியைக்கூடக் குடுத்ததில்ல."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"எதை வழிச்ச?"

"அது மேல படிஞ்சிருக்குமே, கருப்பும் பச்சையுமா, சளி மாதிரி. அந்தப் பிசுக்கைத்தான்."

"மொத வாட்டியும் வழிச்சியா?"

"மொத வாட்டி நீ எங்க விட்ட? படகுலயே பெட்டியை நீட்டிக்கிட்டு நின்ன. எடுத்த கையோட உள்ள போட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா வழிச்ச? யாரு வழிக்கச் சொன்னா?"

மூச்சுக்காரி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நீதானடி வந்து சொன்ன. சார் பெட்டியத் தொறந்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டாருன்னு. சிரிச்சு சிரிச்சு சொன்ன. எனக்குச் சிரிப்பு வரல."

மகள் எழுந்துவிட்டாள். கை கழுவவில்லை. அடுக்களைக்கும் கொல்லைக்குமாக நடந்தாள், எச்சில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பஞ்சு இல்லையம்மா, பஞ்சு இல்லவே இல்லை, அதன் மேல் குடியிருக்கிற பாசிதான். கண்ணுக்குத் தெரியாத நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருக்கிற நீலப்பச்சைப் பாசி. உலகத்தில் இதுவரை எடுத்த கடல் விஷங்களில் எத்தனையோ அந்தச் சாதியிலிருந்துதான் வந்திருக்கின்றன. பஞ்சை ஊறவைத்து ஊறவைத்து நாங்கள் வீட்டுக்காரனை விசாரித்திருக்கிறோம், குற்றவாளி வாடகைக்கு இருந்தவன். மூச்சுக்காரிக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமானதாக இருந்தது.

"அப்ப நான் தூக்கிப் போட்டதுதான் மருந்தா?"

போர்வைக்குள்ளிருந்து பல் கிட்டித்த குரல் ஒன்று வந்தது. "பஸ்ல அந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு வந்தேன். என்ன நாத்தம்னு கேட்டவன்கிட்ட எல்லாம் கேக்குன்னு சொன்னேன்."

மகள் சிரிக்கப் போய் நடுவில் நிறுத்தினாள். பஸ். அதை மறந்துவிட்டிருந்தாள்.

சோதனைச் சாலையில் ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு சாம்பிளுக்கும் எடுத்தவர் யார், எப்படிக் கொண்டுவரப்பட்டது என்று இரண்டு கட்டங்கள். மாணவி படகில் கூடவே இருக்க வேண்டும், எடுத்த இடத்திலேயே ஆல்கஹாலில் போட வேண்டும் என்பது விதி. முதல் தடவை அப்படித்தான் செய்தாள். அடுத்த இரண்டு தடவையும் அவள் படகில் இல்லை. கிருமியை வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி, தினமும் பழைய தண்ணீரை மாற்றிப் புதுச் சத்து ஊற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு வர முடியாமல், சித்தப்பாவைப் பஸ்ஸில் கொண்டுவரச் சொன்னாள். கட்டத்தில் மட்டும் வழக்கம்போலத் தன் கையெழுத்தைப் போட்டாள். படகிலேயே ஆல்கஹாலில் இடப்பட்டது என்று அழகாக எழுதினாள். கூட இருந்திருந்தால் அம்மா வழிப்பதைப் பார்த்திருப்பாள், ஏழு மாதம் வீணாகியிருக்காது.

பிசுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இதையும் சொல்லியாக வேண்டும்.

புதன்கிழமை காலை பேராசிரியரின் மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"அப்ப நீ பொய் எழுதியிருக்க."

"ஆமா சார். அந்தக் கட்டத்துல எழுதினது பொய். எண்ணினது பொய் இல்ல."

"ஒரு கட்டத்துல பொய் எழுதறவ இன்னொண்ணுல எழுத மாட்டான்னு நான் எப்படி நம்பறது?"

நேற்று அவர் சொன்னது அநியாயம், இன்று சொன்னது நியாயம். வயிற்றெரிச்சல் அதில்தான்.

கதவருகில் ஸ்லைடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். மருத்துவமனையில் பதினெட்டு வருடம் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் கிருமி எண்ணிவிட்டு இங்கே வந்தவள். யார் அறையிலும் தட்டிவிட்டு நுழைகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நான் எண்ணறேன் சார். நம்பரை நீங்களே ஒட்டுங்க, எது எதுன்னு எழுதி உங்க டிராயர்ல பூட்டிக்குங்க. எனக்கும் தெரிய வேணாம், இவளுக்கும் தெரிய வேணாம். அப்பவும் வந்தா என்ன பண்ணுவீங்க?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் கிருமிக்குச் சத்து ஊற்றும் வேலையை ஸ்லைடு அக்கா ஏற்றுக்கொண்டாள். வியாழக்கிழமை விடிந்ததும் மூன்று பேர் படகில் இருந்தார்கள். ரேடியோவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தாலும் கால் நிற்கவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என்ஜின் பக்கத்தில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். முந்தின வார மழைக்கு ஆறு கொண்டுவந்து தள்ளிய சேறு இன்னும் படியவில்லை, தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. இதில் கை நீட்டினால் விரல் தெரியாது, நாலு நாள் போகட்டும் என்று ரேடியோ முனகினான். நாலு நாள் போனால் திங்கட்கிழமை என்றாள் மகள்.

மூச்சுக்காரி எச்சிலைத் துப்பிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் மூன்று தடவை வெறுங்கையோடு வந்தாள். பாறையே தட்டுப்படவில்லை, சேற்றில் தடவித் தடவித்தான் போக வேண்டியிருக்கிறது என்றாள். மகள் தானும் இறங்குவதாகச் சொன்னதற்கு, உன்னையும் சேர்த்துத் தேட என்னால் ஆகாது என்று பதில் வந்தது. நான்காவது தடவை எண்ணிக்கை நூற்றுப் பத்தைத் தாண்டியது. நூற்று இருபது. ரேடியோ துண்டை அவிழ்த்துவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். நூற்று இருபத்தொன்பதில் தலை வந்தது. கூடவே ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை ஒன்று, வாய் முறுக்கி, உள்ளே செங்கல் நிறம்.

"கை பட்டாப் பிசுக்கு கரைஞ்சு ஓடிடும்" என்றாள் மூச்சு வாங்கியபடி. "அதான் பையை மேல கவுத்துட்டு அடியில அறுத்தேன்."

இந்த யோசனையை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

படகிலேயே வேலை நடந்தது. பஞ்சை மூன்றாக வெட்டினார்கள். ஒரு துண்டைப் பிசுக்கோடு அப்படியே ஒரு புட்டியில் போட்டார்கள். இன்னொரு துண்டை மூச்சுக்காரி வியாபாரிக்கு வழிப்பதுபோல வழித்து, தேய்த்து, கேனில் கொண்டுவந்த நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, அடுத்த புட்டியில் போட்டாள். மூன்றாவது துண்டிலிருந்து வழித்தெடுத்த பிசுக்கு மட்டும், ஒரு கைப்பிடிகூட இல்லை, மூன்றாம் புட்டிக்குப் போனது. ஆல்கஹால் பட்டதும் அது கரும்பச்சைச் சாயம் இறங்கியது. மூன்று பேரும் தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்தாறு வருஷமா இந்த மாதிரிப் பிசுக்கைத் தூர வீசிட்டுக் கை கழுவியிருக்கோம் அண்ணி" என்றான் ரேடியோ. காய்ச்சலுக்குப் பிறகு அவன் முனகாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சாறு வற்றிவிட்டது. பிசுக்கு மொத்தமும் குடுவையின் அடியில் நகக்கண் அளவுக்குப் பச்சைப் பொருக்காக ஒட்டியிருந்தது. பேராசிரியரே குழாய்களுக்கு எண் ஒட்டினார்: மூன்று சாறுகள், தெரிந்த மருந்து ஒன்று, வெறும் கரைசல் ஒன்று. ஐந்துக்கும் நிறம் தெரியாமல் இருக்கக் கரும் காகிதத்தைச் சுற்றினார். பட்டியலை டிராயரில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குழித் தட்டில் ரத்தம், ரத்தத்தில் கிருமி, அதன் மேல் சொட்டு. இனி நாற்பத்தெட்டு மணி நேரம் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. மகள் அந்த இரண்டு நாளில் சோதனைச் சாலையின் அத்தனை கண்ணாடிக் குவளைகளையும் கழுவித் துடைத்து வைத்தாள். சுத்தமாக இருந்தவற்றையும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூச்சுக்காரியும் ரேடியோவும் யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். வாசலில் காவல்காரர் யார் என்று கேட்டதற்கு, சரக்கு சப்ளை பண்றவங்க என்று ரேடியோ சொல்லிவிட்டான். நடைக்கூடத்துப் பெஞ்சில் விளிம்போரமாக உட்கார்ந்தார்கள்.

உள்ளே ஸ்லைடு அக்கா முதல் குழியின் ரத்தம் தேய்த்த கண்ணாடித் துண்டில் எண்ணெய்ச் சொட்டு விட்டுக் கண்ணைப் பதித்தாள். இடது கையில் எண்ணும் கருவி டிக் டிக் என்றது. ஆயிரம் அணு முடிந்ததும் சொன்னாள்: ஐம்பத்தெட்டு. மகள் எழுதிக்கொண்டாள். இரண்டாவது கண்ணாடி: பத்தொன்பது. மகள் நிமிர்ந்தாள். பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது: அறுபத்தொன்று. நான்காவது கண்ணாடியில் டிக் சத்தமே வரவில்லை. ஸ்லைடு அக்கா திருகைத் திருகி, கண்ணாடியை நகர்த்தி, தொடர்ந்து நகர்த்திக்கொண்டே போனாள். ஒரு டிக். நெடுநேரம் கழித்து இன்னொன்று.

"ரெண்டு" என்றாள். "அதுவும் சுருண்டு கருகிப்போய்க் கெடக்கு."

ஐந்தாவது: ஒன்று.

இந்தக் கடைசி இரண்டில் ஒன்று தெரிந்த மருந்து. அது கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று எது? பேராசிரியர் டிராயரைத் திறக்கவில்லை. ஸ்லைடு அக்காவை எழுப்பிவிட்டுத் தானே நுண்ணோக்கியில் உட்கார்ந்தார். எட்டு வருடமாக அவர் எதையும் எண்ணியதில்லை. லென்ஸ் எண்ணெயில் முங்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்றார். அக்கா சரி செய்து கொடுத்தாள். நான்காவது கண்ணாடியை முதலிலிருந்து எண்ணினார். மூன்று என்றார். ஐந்தாவதையும் எண்ணினார். பிறகு சாவியைத் தேடினார். சட்டைப் பையில் வைத்ததை மறந்து மேசை முழுக்கத் தேடினார்.

"ஒண்ணு, சுத்தம் பண்ணின பஞ்சு. ரெண்டு, பிசுக்கோட பஞ்சு. மூணு, வெறும் கரைசல். அஞ்சு, மருந்து." கொஞ்சம் நிறுத்தினார். "நாலு உன் பிசுக்கு."

மகள் கதவை எப்படித் திறந்தாள் என்று தெரியவில்லை, சுவரில் மோதிய சத்தத்தில் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் பேசியது யாருக்கும் புரியவில்லை. அம்மாவின் இடது காதில் போய்க் கத்திக்கொண்டிருந்தாள். ரேடியோதான் பிடித்துத் திருப்பி வலது பக்கம் நிறுத்தினான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூச்சுக்காரி, இனி காய்ச்சல்காரர்களுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். மகள் பொய் சொல்லவில்லை. இந்தப் பிசுக்கில் நூறு பொருள் இருக்கும், அதில் எது கொன்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மனித உடம்பின் செல்களில் விட்டுப் பார்க்க வேண்டும், எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஆகலாம், பாதி வழியிலேயே செத்தும் போகலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது என்றாள்.

"கிருமியைக் கொன்னுடுச்சு. ஆளை விட்டு வைக்குமான்னு இன்னும் பார்க்கல. அதானே?"

"அதாம்மா."

"அப்ப பாருங்க" என்றாள் மூச்சுக்காரி, ஏதோ அடுப்பில் வைத்ததை இறக்கச் சொல்வதுபோல.

பேராசிரியர் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது, வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். கமிட்டியில் நாளைக்கு நீயே பேசு என்றார் மகளிடம். கட்டத்தில் எழுதிய பொய்யையும் நீயே சொல், என் வாயால் சொல்ல மாட்டேன், ஒரு வருடத்தை நான் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். மருந்து கலந்திருக்கலாம் என்று தான் சொன்னதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மகள் நகராமல் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் நடைக்கூடத்தின் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா."

"சரி சார்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் மூச்சுக்காரியின் பக்கம் திரும்பினார். இந்த வாரத்துக்குள் ஐந்து கிலோ பிசுக்கு வேண்டும் என்றார். மூச்சுக்காரி முடியாது என்றாள்.

"அஞ்சு கிலோ வழிச்சா அந்தப் பாறை மொட்டையாப் போயிடும். அப்புறம் அடுத்த வருஷம் வந்து யார் வீட்டுல வழிப்பீங்க? கைப்பிடி கைப்பிடியாத்தான் எடுக்கணும். ஒரு எடத்துல எடுத்தா அது திரும்ப மூடற வரைக்கும் விடணும்."

திரும்ப மூட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். மழைக்கு முன்னால் என்றால் நாற்பது நாள், மழைக்குப் பின்னால் இன்னும் சீக்கிரம் என்றாள். வெயில் விழும் பக்கத்தில் வளருமா, நிழலிலா? நிழலில், அதுவும் நீரோட்டம் அடிக்கிற பக்கத்தில் என்றாள். சிப்பி மேல் படிவதும் இதுவும் ஒன்றா? இல்லை, அது வழுக்கும், இது ஒட்டும். பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காகிதம் இல்லை. உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தார். கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். ரேடியோ இடையில் புகுந்து சொல்ல வந்ததை ஸ்லைடு அக்கா கையைக் காட்டி அடக்கினாள்.

உள்ளங்கை நிறைந்து மணிக்கட்டுக்குப் போனபோது மூச்சுக்காரி அவரைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்தாள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

கடல் உயிரிகளைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவர் எழுதுவதை நிறுத்தினார்.

"தெரியாதுங்க."

"பரவால்ல. வியாழக்கிழமை விடியக்காலம் வந்துடுங்க. படகுல ஒரு ஓரமா உட்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."